விவாகரத்து வழக்கில் மின்னணுச் சான்றுகள்: கைக்கு வந்த வழி முதல் சாட்சிக் கூண்டு வரை

குடும்பநல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் எவருடைய அலுவலகத்திலும் மாலை நேரத்தில் காணக்கூடிய காட்சி இது. வந்தவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கைபேசியை மேசைமீது வைத்து, "எல்லாமே இதுல இருக்குங்க சார்" என்கிறார். திறந்து பார்த்தால் முந்நூறு, நானூறு ஸ்கிரீன்ஷாட்டுகள், பாதியில் தொடங்கி பாதியில் முடியும் ஒலிப்பதிவுகள், உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான வீடியோ ஒன்று. அவற்றைப் பார்க்கத் தொடங்கும் முன் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "இது உங்கள் கைக்கு எப்படி வந்தது?"

அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லக்கூடிய பத்துச் சான்றுகள், பதில் சொல்ல முடியாத நானூறு சான்றுகளைவிட வழக்கை வெகுதூரம் கொண்டுசெல்லும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்வியையே சுற்றி வருகிறது. தமிழ்நாட்டின் குடும்பநல நீதிமன்றங்களிலும், அவை இல்லாத ஊர்களில் விவாகரத்து மனுக்களை விசாரிக்கும் சார்பு நீதிமன்றங்களிலும் வழக்கு நடத்துவோரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். கணவர், மனைவி இருவருக்கும் இது பொருந்தும். உங்கள் வழக்கின் விவரம் தெரிந்த வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது.

முதல் படி: எதை நிரூபிக்க வேண்டும் என்று எழுதுங்கள்

கைபேசியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் எந்தக் காரணத்தின்கீழ் மனு போடப்பட்டிருக்கிறது அல்லது போடப்படப்போகிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்: பிறர்மனை உறவா, கொடுமையா, கைவிட்டுச் சென்றதா? கிறிஸ்தவத் திருமணமாக இருந்தால் 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவும், சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் நடந்த திருமணமாக இருந்தால் அதன் 27ஆம் பிரிவும் பொருந்தும். அந்த முதல் வரியின்கீழ் நாள்வாரியாக நிகழ்ச்சிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தச் சான்று அதைக் காட்டுகிறது என்று குறியுங்கள். பெரும்பாலான ஸ்கிரீன்ஷாட்டுகள் இந்தத் தாளில் இடம்பெறாமலே போய்விடும், அதில் இழப்பு எதுவும் இல்லை.

இந்தத் தாள் இன்னொரு வகையிலும் உதவும். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் பிறர்மனை உறவைக் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கியது. விவாகரத்துக்கான காரணமாக அது இன்றும் நீடிக்கிறது. ஆனால் மனைவிக்கு ஜீவனாம்சம் மறுக்க அதே சான்றைப் பயன்படுத்த நினைப்பவர்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு பிறர்மனை உறவில் 'வாழ்ந்து வருவது' பற்றியே பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போதோ நடந்த ஒரு நிகழ்ச்சிக்கான குறுஞ்செய்தி அதற்குப் போதாது. கொடுமை என்று கூறுவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நடந்ததை மன்னித்து மீண்டும் ஒன்றாக வாழ்ந்தீர்களா என்பதை இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் பார்க்கும் என்பதால், பழைய சண்டையின் ஒலிப்பதிவுக்கு அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து சுற்றுலா சென்ற புகைப்படத்தை எதிர்தரப்பு காட்டக்கூடும்.

குற்ற வழக்கில் வேண்டிய அளவுக்கு ஐயம் திரிபற நிரூபிக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் நிகழ்தகவு கூடுதலாகச் சாய்கிறது என்பதே திருமண வழக்குகளில் அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே கூறிவிட்டது. ஆகவே படுக்கையறைக் காட்சியைத் தேடி அலைய வேண்டிய தேவை சட்டத்தில் இல்லை. அப்படி அலைந்துதான் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

இரண்டாம் படி: மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்

இருக்கும் சான்றுகளை அவை வந்த வழிப்படி பிரியுங்கள். முதல் குவியலில் உங்களுடையவை இருக்கும்: உங்கள் எண்ணுக்கு வந்த செய்திகள், நீங்களும் பங்கெடுத்த உரையாடல்களின் பதிவுகள், உங்கள் வங்கிக் கணக்கு, நீங்கள் எடுத்த படங்கள். இரண்டாவது குவியலில் பொதுவானவை அல்லது எவரும் பார்க்கக்கூடியவை இருக்கும்: கூட்டு வங்கிக் கணக்கு, இருவரும் அறிந்து பொருத்திய வாசல் கேமரா, பூட்டப்படாத முகநூல் பக்கத்தில் இட்ட பதிவு. மூன்றாவது குவியல் உங்கள் துணையுடையது. அவரது கைபேசியைத் திறந்து எடுத்த படங்கள், அவரது கடவுச்சொல்லைப் போட்டு நுழைந்த மின்னஞ்சல், அவர் தூங்கும்போது அவரது விரலை வைத்துத் திறந்த செயலி, அவருக்குத் தெரியாமல் நிறுவிய உளவுச் செயலி ஆகியவை இதில் வரும்.

மூன்றாவது குவியலை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள், ஆனால் மேலும் பெருக்காதீர்கள். "கட்டின பொண்டாட்டி போனைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?" என்று கோபத்தோடு கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின் பதில், இல்லை என்பதே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி, உரிமையாளரின் அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்துடன் ஒருவரது கணினிக்குள் நுழைந்து தரவை எடுப்பதற்கு 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கைபேசியும் அந்தச் சட்டத்தின் பொருளில் கணினிதான். பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி பிரிவில் தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாக வரையறுக்கிறது. தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து படமெடுப்பது 77ஆம் பிரிவில் வருகிறது. ஆணோ பெண்ணோ, அந்தரங்க உறுப்புகளை ஒப்புதலின்றிப் படம்பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு பாயும். வேறு இருவர் பேசும் தொலைபேசி அழைப்பை இடைமறித்துக் கேட்பதற்குத் தொலைத்தொடர்புச் சட்டம், 2023 கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. இவற்றில் எதற்கும் 'கணவன் மனைவி தவிர' என்ற பொதுவான விலக்கு எழுதப்படவில்லை.

விவாகரத்து கேட்டு வந்தவர் குற்ற வழக்கில் முன்ஜாமீன் கேட்டு நிற்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

மூன்றாம் படி: இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படியுங்கள்

2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு முதலாவது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட கணவர், மனைவியின் கைபேசி அழைப்பு விவரப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். திருமண உறவிலும் தனியுரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற சான்றை ஏற்க முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. துணையை வேவு பார்ப்பது இல்லறத்தின் அடிப்படையான நம்பிக்கையையே அழித்துவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் உட்கருத்து.

இரண்டாவது, 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி. வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு அளித்த தீர்ப்பு. பஞ்சாபின் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. மனைவியுடன் பேசிய தொலைபேசி உரையாடல்களைக் கணவர் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து, நினைவக அட்டைகளையும் குறுந்தகட்டையும் பேச்சை எழுத்தில் வடித்த எழுத்துப் பெயர்ப்பையும் தாக்கல் செய்ய அனுமதி கேட்டார். குடும்ப நீதிமன்றம் 2020இல் அனுமதித்தது, உயர் நீதிமன்றம் 2021இல் மறுத்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் அனுமதித்தது. தம்பதியர் பேசிக்கொண்டதை வெளியிடக் கூடாது என்று தடுக்கும் 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, அவர்களுக்கு இடையிலான வழக்குகளுக்கே விலக்கு அளித்திருக்கிறது என்பது அதன் காரணம். இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அதே விதி 128ஆம் பிரிவாக இருக்கிறது. இத்தகைய சான்றை அனுமதித்தால் வேவு பார்ப்பது பெருகும் என்ற வாதத்துக்கு, ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டதே உறவு உடைந்துவிட்டதன் அறிகுறி என்று அமர்வு விடையளித்தது.

இந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில், இனி எதையும் பதிவு செய்யலாம் என்று பலர் புரிந்துகொண்டார்கள். அந்தப் புரிதல் தவறு. அந்த வழக்கில் பதிவு செய்தவர் உரையாடலில் பங்கெடுத்தவர். மனைவி மூன்றாம் நபருடன் பேசியதை ஒட்டுக்கேட்டதோ, அவரது கைபேசிக்குள் நுழைந்ததோ அங்கு நிகழவில்லை. அதோடு, ஒரு பதிவைச் சான்றாக ஏற்பது வேறு, அதைப் பெற்ற செயலுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிப்பது வேறு. முதலாவதை மட்டுமே உச்ச நீதிமன்றம் செய்தது. என் கணிப்பில், நீங்களும் பேசிய உரையாடலின் பதிவு இன்று பெருமளவு பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது, மற்றவருடைய சாதனத்திலிருந்து எடுத்தவை இப்போதும் ஆபத்தான நிலத்தில்தான் இருக்கின்றன.

நான்காம் படி: வாட்ஸ்அப் செய்திகளைக் காப்பது

ஒரு குறுக்கு விசாரணையின் சிறு பகுதியை நினைத்துப் பாருங்கள். "இந்த ஸ்கிரீன்ஷாட்டின் மேலே இருக்கும் பெயரை உங்கள் கைபேசியில் பதிந்தது யார்?" "நான்தான்." "எந்த எண்ணுக்கும் அந்தப் பெயரை நீங்கள் வைத்திருக்க முடியும், சரிதானே?" "முடியும்." "இந்தத் தாளில் எண் எங்கே இருக்கிறது?" தாளில் எண் இல்லை. ஒரு நிமிடத்தில் 40 பக்கச் சான்று ஆட்டம் காண்கிறது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. உரையாடலைப் படமெடுக்கும்போது மேலே உள்ள பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் படமெடுங்கள். அந்த எண் எதிர்தரப்பினருடையதுதான் என்பதைக் காட்டும் வேறொரு ஆவணத்தை, எடுத்துக்காட்டாக அவரே கையொப்பமிட்ட விண்ணப்பத்தையோ அவர் தாக்கல் செய்த மனுவையோ, உடன் வையுங்கள். தேதி தெரியாத ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பு குறைவு என்பதால் தேதிப் பட்டை தெரியும்படி மேலிருந்து தொடர்ச்சியாக எடுங்கள். இரண்டு செய்திகளுக்கு நடுவே உங்களுக்குப் பாதகமான ஒன்று இருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள், ஏனெனில் அதே உரையாடல் எதிர்தரப்பின் கைபேசியிலும் இருக்கிறது.

அடுத்து, வாட்ஸ்அப்பிலேயே உள்ள 'எக்ஸ்போர்ட் சாட்' வசதியால் முழு உரையாடலையும் எழுத்துக் கோப்பாக எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பை யாரும் திருத்த முடியும் என்பதால் அது தனித்து நிற்காது. மூல உரையாடல் இருக்கும் கைபேசிதான் அதைத் தாங்கிப் பிடிக்கும் தூண். உரையாடலில் 'மறையும் செய்திகள்' வசதி இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். அதில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்ற கால அளவுகள் உண்டு, அது முடிந்தால் செய்தி தானாகவே போய்விடும்.

படங்களையும் வீடியோக்களையும் வழக்கறிஞருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவை சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், கருவி போன்ற உட்பொதிந்த விவரங்களை இழந்துவிடுகின்றன. 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுங்கள். வட்டமிடுதல், அம்புக்குறி போடுதல், வெட்டுதல் எதையும் மூலக் கோப்பில் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒலிப்பதிவுகள்

ஒலிப்பதிவை நீதிமன்றம் ஏற்பதற்கான அளவுகோல்களை உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டின் மல்கானி வழக்கிலும் 1985ஆம் ஆண்டின் ராம் சிங் வழக்கிலும் வகுத்துவிட்டது. குரல் யாருடையது என்று அடையாளம் காட்டப்பட வேண்டும், பதிவு துல்லியமாக இருக்க வேண்டும், திருத்தப்பட்டதற்கான ஐயம் அகல வேண்டும், பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், பதிவு பாதுகாப்பான காவலில் இருந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் இதற்குப் பொருள், 47 நிமிட அழைப்பில் தேவையான 3 நிமிடத்தை வெட்டிக் கொடுக்காமல் 47 நிமிடத்தையும் கொடுக்க வேண்டும் என்பதே. எழுத்துப் பெயர்ப்பில் ஒவ்வொரு பேச்சுக்கும் நிமிடம், நொடி குறித்து, பேசியது வட்டார வழக்காக இருந்தால் வட்டார வழக்கிலேயே எழுதுங்கள். "போய்ச் சாவு" என்று எரிச்சலில் சொன்னதும் மிரட்டலாகச் சொன்னதும் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும், வேறுபாடு குரலில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவு ஓடுகிறது என்று அறிந்தவர் நிதானமாகப் பேசி, மற்றவரைச் சீண்டிச் சீண்டிக் கத்தவைக்கும் பதிவுகள் நிறைய வருகின்றன. பல ஆண்டுகளாகச் சாட்சிகளைக் கேட்டுப் பழகிய நீதிபதிக்கு அது புரியாமல் போகாது. குழந்தையிடம் கேள்வி கேட்டுப் பதில் சொல்லவைத்துப் பதிவு செய்வதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். அது உங்கள் குழந்தைக்குச் செய்யும் தீங்கு, காவலுரிமைக் கோரிக்கையையும் அதுவே கெடுக்கும்.

ஆறாம் படி: கேமராக்களும் துப்பறிவாளர்களும்

அடுக்ககம், கடை, தங்கும் விடுதி ஆகியவற்றின் கேமராப் பதிவுகள் நினைவகம் நிறைந்ததும் பழையவற்றின் மேலேயே புதியவற்றைப் பதிந்துகொள்கின்றன. சில இடங்களில் இரண்டு வாரங்களில், சில இடங்களில் ஒரு மாதத்தில் எல்லாம் போய்விடும். ஆகவே நிகழ்ச்சி நடந்த நாளைக் குறிப்பிட்டு, அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி வழக்கறிஞர் மூலமாக உடனே விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். அவர்கள் பதிவைத் தர மறுத்தாலும் அந்த அறிவிப்பு பின்னர் நீதிமன்றத்தில் கைகொடுக்கும். பதிவுக் கருவியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். பல கருவிகளில் அது அரை மணியோ ஒரு நாளோ பிசகி இருக்கும், அந்த வேறுபாட்டைக் கருவியை நிர்வகிப்பவரே எழுதித் தர வேண்டும். உங்கள் சொந்த வீட்டில் வாசலிலும் கூடத்திலும் எல்லோரும் அறிய உள்ள கேமரா ஒரு பொருட்டல்ல. படுக்கையறையிலும் குளியலறையிலும் மறைத்து வைப்பது குற்றம்.

தனியார் துப்பறிவாளர்களுக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. பொது இடத்தில் பார்த்ததையும் படமெடுத்ததையும் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லத் தயாராக இருந்தால் மட்டுமே அவரது அறிக்கைக்குப் பயன் உண்டு. ஒப்பந்தம் போடும் முன் இதை எழுத்தில் வாங்குங்கள். அழைப்பு விவரப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம், கைபேசி இருப்பிடம் ஆகியவற்றை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவற்றை அவர் சட்டப்படி பெற வழியே இல்லை.

ஏழாம் படி: உங்களிடம் இல்லாததை நீதிமன்றம் வழியாகக் கேளுங்கள்

பலர் பயன்படுத்தத் தவறும் வழி இது. அழைப்பு விவரங்கள், விடுதியின் வருகைப் பதிவு, வங்கி விவரங்கள் ஆகியவற்றை வரவழைக்கும்படி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் இடைநிலை மனு (வழக்கு நடக்கும்போதே போடும் துணை மனு) போடலாம். மனு குறுகலாக இருக்க வேண்டும். "கடந்த ஐந்து ஆண்டுகளின் அழைப்புகள் எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் துருவித் தேடும் முயற்சி என்று தள்ளுபடியாகும். குறிப்பிட்ட எண், குறிப்பிட்ட சில நாட்கள், அவை எந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்கும் என்ற விளக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் ஆணை கிடைக்கும் வாய்ப்பு கூடும். வழக்கில் தரப்பாக இல்லாத மூன்றாம் நபரின் பதிவுகளை வரவழைக்க இன்னும் வலுவான காரணம் வேண்டும்.

காலமும் முக்கியம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு விவரங்களைக் குறைந்தது 2 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. மனு போட்டு, பல வாய்தா கடந்து, சாட்சி விசாரணை தொடங்கும் வேளையில் அந்த 2 ஆண்டு முடிந்திருக்கலாம். ஆகவே பதிவுகளைப் பாதுகாக்கக் கோரும் மனுவையாவது தொடக்கத்திலேயே போடுங்கள். வங்கிக் கணக்கு நகல்களுக்கு 1891ஆம் ஆண்டு வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டத்தின்படியான சான்றிதழை வங்கியே தரும். ஜீவனாம்ச வழக்கில் வருமானத்தை மறைக்கிறார் என்ற ஐயம் இருந்தால் உளவு தேவையே இல்லை. இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் விதித்துள்ளது. அதில் பொய் சொன்னால் அவருக்கே பாதகம்.

எட்டாம் படி: சான்றிதழும் ஹாஷ் மதிப்பும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் கேட்கிறது. பழைய சட்டத்தின் 65பி சான்றிதழை எப்படியும் எழுதலாம் என்ற நிலை இருந்தது, இப்போது அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. அந்த நாளுக்கு முன் தொடங்கி நிலுவையில் உள்ள வழக்குகளுக்குப் பழைய சட்டமே தொடரும் என்று 170ஆம் பிரிவு கூறுவதால், உங்கள் மனுவுக்கு வழக்கு எண் இடப்பட்ட ஆண்டைப் பார்த்து எது பொருந்தும் என்று வழக்கறிஞருடன் முடிவு செய்யுங்கள்.

படிவத்தின் முதல் பகுதியைத் தாக்கல் செய்யும் தரப்பினர் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். அந்த நிபுணர் யார் என்பதை 63ஆம் பிரிவு விளக்கவில்லை என்பதால் தடய அறிவியல் பயிற்சி பெற்ற ஒருவரை அணுகுவது பாதுகாப்பு. கருவியின் வகை, தயாரிப்பு, நிறம், வரிசை எண், கைபேசியின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் எல்லாம் எழுத வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு வரி இருக்கிறது: அந்தக் கருவி சட்டப்பூர்வமான கட்டுப்பாட்டில் இருந்து, வழக்கமாகப் பதிவுகளை உருவாக்கவோ சேமிக்கவோ பயன்பட்டது என்று உறுதி கூற வேண்டும். மனைவியின் கைபேசியில் திருட்டுத்தனமாக நுழைந்தவரோ கணவரின் மின்னஞ்சலைக் கடவுச்சொல் போட்டுத் திறந்தவரோ அந்த வரியின்கீழ் எப்படிக் கையொப்பமிடுவார்? இட்டால் பொய்ச் சான்றிதழ், இடாவிட்டால் சான்றிதழே இல்லை. கைக்கு எப்படி வந்தது என்று முதல் நாளே நான் கேட்பது இந்த வரியை நினைத்துத்தான்.

ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை. ஷா-256 முறையில் கணக்கிட்டால் எந்தக் கோப்புக்கும் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை கிடைக்கும். இரண்டு மணி நேர வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும், எழுத்துக் கோப்பில் ஒரு புள்ளியைச் சேர்த்தாலும் அந்த வரிசை முற்றிலும் மாறிவிடும். கோப்பு கிடைத்த நாளிலேயே அதைக் கணக்கிட்டு, தேதி நேரத்துடன் எழுதி வையுங்கள். செயற்கை நுண்ணறிவால் குரலையும் முகத்தையும் உருவாக்க முடிகிற இந்தக் காலத்தில், "இது நான் பேசியதில்லை" என்ற மறுப்பு எல்லா வழக்கிலும் வரும். அன்று எழுதிய அந்த வரிசையும், பதிவு பிறந்த கைபேசியும்தான் அதற்கு உங்கள் பதில்.

பதிவு வேறொருவரிடம் இருந்து அவர் சான்றிதழ் தர மறுத்தால், கேட்டதற்கான ஆதாரத்துடன் நீதிமன்றத்தை அணுகலாம். 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் பழைய சட்டப்படி சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது.

நீங்களே கண்காணிக்கப்படுகிறீர்கள் என்றால்

நீங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று எதிர்தரப்பின் எதிருரையில் இருந்தால் ஐயப்படுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியையும், கூகுள் கணக்கில் உள்நுழைந்துள்ள கருவிகளின் பட்டியலையும் திறந்து, தெரியாத கணினி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை நீக்குவதற்கு முன் நேரம் தெரியும்படி படமெடுங்கள், ஏனெனில் அதுவே இனி உங்கள் சான்று. அந்தக் கைபேசியை முழுவதும் அழித்துப் புதிதாக்கும் ஆசையை அடக்கி, வழக்கறிஞருடன் பேச வேறொரு கருவியையும் புதிய மின்னஞ்சலையும் பயன்படுத்துங்கள். தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ புகார் தரலாம். ஆனால் உங்கள் கணவர் வன்முறையில் இறங்கக்கூடியவர் என்றால், உளவுச் செயலியை நீக்கியது அவருக்குத் தெரியவரும் நேரம் ஆபத்தானது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேளுங்கள்.

கடைசிப் படி: தாக்கலும் சாட்சிக் கூண்டும்

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்க முடியாததாக இருந்தாலும் தகராறைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும் குடும்ப நீதிமன்றம் பெறலாம் என்கிறது. இதை நம்பிச் சான்றிதழைக் கைவிடாதீர்கள். அந்தச் சலுகை குடும்ப நீதிமன்றத்தின் பெயரில் எழுதப்பட்டது, சார்பு நீதிமன்றத்தில் அதைக் கேட்டால் எதிர்ப்பு வரும். மேலும், பெறுவதும் நம்புவதும் ஒன்றல்ல.

சான்றுகளின் பட்டியல், நகல்கள், எழுத்துப் பெயர்ப்பு, சான்றிதழ் எல்லாவற்றையும் நிரூபண வாக்குமூலத்துடன் (உங்கள் சாட்சியத்தைப் பிரமாணமாக எழுதித் தரும் வாக்குமூலம்) சேர்த்துத் தாக்கல் செய்து, எதிர்தரப்புக்கும் முழு நகல் கொடுங்கள். ஆவணம் சான்றாக எண்ணிட்டுக் குறியீடு செய்யப்படும்போது எதிர்தரப்பு ஆட்சேபித்தால் அந்த ஆட்சேபம் பதிவாகி, இறுதியில் முடிவு செய்யப்படலாம். அதனால் சோர்ந்துவிட வேண்டாம். குறுக்கு விசாரணைக்கு முந்தைய மாலையில் ஒவ்வொரு சான்றையும் எடுத்து, எந்தக் கருவியில், எந்த நாளில், யார் எடுத்தது, அதன்பின் யார் கையில் இருந்தது என்று உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். நினைவில் இல்லாததை "நினைவில்லை" என்று சொல்வது தோல்வியாகாது.

வழக்கு நடக்கும்போது எந்தச் சான்றையும் குடும்பக் குழுக்களில் பகிராதீர்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு விசாரணையை மூடிய அறையில் நடத்தவும், விவரங்களை அச்சிட்டு வெளியிடாமல் இருக்கவும் விதிக்கிறது. ஆபாசமான படமாக இருந்தால் பகிர்ந்தவர்மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளில் வழக்கு வரும். அத்தகைய படத்தை நீதிமன்றத்தில் தர வேண்டியிருந்தால் முத்திரையிட்ட உறையில் தர அனுமதி கேளுங்கள்.

தீர்ப்பு வந்த பின்னும் மேல்முறையீட்டுக் காலம் இருக்கிறது, மேல்முறையீடு போடப்பட்டால் அது முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மூலப் பதிவுகள் உள்ள அந்தப் பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல், மின்கலம் வீங்காதபடி அவ்வப்போது மின்னேற்றி, உறையில் போட்டு, உறையின் மேல் வழக்கு எண்ணை எழுதி அலமாரியில் வையுங்கள்.